றைபிளுக்குப் பணம் போடும் முன்

"சேர், நல்ல ஸ்கோப் ஒன்னு வாங்கிக் குடுத்தா புள்ளைக்குப் பொய்ன்ட் கூடுந்தானே?" என்னிடம் றைபிள் சுடும் பயிற்சிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். சிலர் கேட்பதற்கு முன்பே வாங்கிவிடுகிறார்கள். கொழும்பிலிருந்தோ, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலமாகவோ பெட்டி வந்து சேர்ந்த பிறகுதான் என்னிடம் காட்டுகிறார்கள். நகை அடகு வைத்த பணமாகவும் இருக்கும். அப்போது நான் சொல்ல வேண்டியது கசப்பான செய்தி: அந்தப் பிள்ளை போட்டியிடும் பிரிவில் ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கிப் பார்வைக்கு அனுமதியே இல்லை.

சர்வதேச விதிகளின்படி 10 மீற்றர் எயார் றைபிள், 50 மீற்றர் றைபிள், 300 மீற்றர் றைபிள் ஆகிய மூன்றிலுமே தொலைநோக்கிப் பார்வை தடை. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம்; இரண்டையும் குறிவட்டத்தோடு ஒரே மையத்தில் நிறுத்திச் சுட வேண்டும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் தெஹானி எகொடவெல 10 மீற்றரில் சுட்டதும், 2016 ரியோவில் மங்கள சமரகோன் 50 மீற்றரில் படுத்துச் சுட்டதும் இந்த விதியின் கீழ்தான். பைபொட் எனப்படும் இருகால் தாங்கிக்கும் அங்கே இடமில்லை. ஆகவே எதை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், எந்தப் பிரிவு, எத்தனை மீற்றர், விதிப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மலையகத்தில் றைபிள் என்றால் ஒரு காலத்தில் துரைமார் கையில் இருந்த பொருள். 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி 1949இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படையில் ஐரோப்பியர் மட்டுமே இருந்தார்கள். கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குறிமேடையில் நிற்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையான விஷயம். அவர்கள் வீட்டுப் பணம் ஒரு ரூபாயும் வீண்போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் பணம் உடலுக்கும் றைபிளுக்கும் இடையிலான பொருத்தத்துக்குப் போக வேண்டும். கன்னம் வைக்கும் கட்டையின் உயரம், தோளில் பதியும் தகட்டின் நீளம், கைப்பிடியின் தூரம் ஆகியவை சரியாக இருந்தால் தலையைத் தாழ்த்தாமல், கழுத்தை இழுக்காமல் கண் தானாகத் துளைக்கு நேரே வந்து நிற்கும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ரவை இல்லாத, இரண்டு தரம் பார்த்து உறுதிசெய்த றைபிளைக் குறியை நோக்கிப் பிடித்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். பார்வை ஒவ்வொரு முறையும் விலகி நின்றால் உடம்பின் நிலையோ கட்டையின் அளவோ பொருந்தவில்லை என்று அர்த்தம். வளரும் பிள்ளைக்கு இது சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். அதனால் அளவு மாற்றக்கூடிய தகடும் கன்னக்கட்டையும் உள்ள பழைய றைபிள், மாற்ற முடியாத புது றைபிளை விட மேல். எயார் றைபிளின் மொத்த எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பதையும் பாரம் கூட்டும் இரும்புத் துண்டுகளை வாங்குபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது ரவை. 10 மீற்றர் குறியில் பத்தாம் புள்ளி வெறும் 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பொட்டு. 4.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டுகள் எல்லாம் பெட்டியில் ஒரே அளவாகத் தெரிந்தாலும் தலைப்பகுதி 4.49, 4.50, 4.51 என்று நூலளவு வேறுபடும். எந்தக் குழலுக்கு எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். றைபிளை அசையாமல் பொருத்தி ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, எந்த வகையின் துளைகள் நெருங்கி விழுகின்றன என்று பாருங்கள். 50 மீற்றரில் சுடும் .22 அங்குல ரவைக்கும் இதே கதைதான். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் தயாரிப்புத் தொகுதி மாறினால் குழல் வேறு மாதிரிப் பேசும். இந்தச் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு. பலன் மட்டும், எந்தப் பளபளப்பான பாகத்தை விடவும் அதிகம்.

ஸ்கோப் அனுமதிக்கப்படும் நெடுந்தூரப் பிரிவுகளில் சுடுபவர்களுக்கு வருகிறேன். அங்கேயும் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதில் மயங்க வேண்டாம். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மில்லிமீற்றர் வில்லையில் 20 மடங்கு வைத்தால் 2 மில்லிமீற்றர்தான். 8 மடங்கில் அதுவே 5 மில்லிமீற்றர். நுவரெலியாவின் காலை மூட்டத்தில் 20 மடங்கு வைத்துப் பார்ப்பவருக்குச் சாம்பல் நிறம்தான் தெரியும். ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களுக்கும் அவை பூட்டப்படும் அடித்தண்டவாளத்துக்கும் முதலில் செலவழியுங்கள். வளைய ஆணிகளைக் கைக்கணக்கில் முறுக்காமல், முறுக்களவு காட்டும் சாவியால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பொதுவாக 2 நியூட்டன் மீற்றரை ஒட்டி, இறுக்குங்கள். கூடினால் ஸ்கோப்பின் உடல் நசுங்கும், குறைந்தால் ஒவ்வொரு சூட்டிலும் வழுக்கும். பிறகு ஒரே குறியில் சில ரவைகளைச் சுட்டு, ஸ்கோப்பின் திருகுகளை 20 சொடுக்கு மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று சுற்றி வந்து மறுபடி சுடுங்கள். முதல் இடத்திலேயே விழாவிட்டால் அந்த ஸ்கோப் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். ஸ்பிரிங் எயார் றைபிளில் பூட்டுவதென்றால் அதற்கென்றே செய்த ஸ்கோப் வேண்டும். அதன் இருதிசை உதைப்பில் சாதாரண ஸ்கோப்புகள் உள்ளே கழன்றுவிடும்.

மலைநாட்டில் சுடுபவர் கட்டாயம் வாங்க வேண்டிய ஒரு சிறு பொருள் இருக்கிறது. ஸ்கோப்பில் பூட்டும், சாய்வைக் காட்டும் நீர்மட்டம். இங்கே கண்ணுக்குத் தட்டையான தொடுவானம் கிடைப்பதில்லை. தேயிலைச் சரிவு ஒருபக்கம் சாய்ந்திருக்கும், வேலி ஒருபக்கம், குறிமேடைக்குப் பின்னாலுள்ள மண்மேடு இன்னொரு பக்கம். சுடுபவர் அறியாமலே றைபிளைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்துவிடுவார். 300 மீற்றர் போவதற்குள் ஒரு .308 அங்குல ரவை குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர் தாழும். ஒரு சூட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் றைபிள் 3 பாகை சாய்ந்தால் ரவை விழும் இடம் 4 சென்ரிமீற்றருக்கு மேல் பக்கவாட்டில் விலகும். அந்தத் தூரத்துப் பத்தாம் வட்டத்தின் ஆரமே 5 சென்ரிமீற்றர்தான். தியத்தலாவைப் பக்கம் சுட வருகிறவர்கள் காற்று தள்ளிவிட்டது என்று சொல்லும் பல விலகிய சூடுகளை நான் கவனித்திருக்கிறேன். நீர்மட்டம் பூட்டியதும் பாதி காணாமற்போயின. துளைப்பார்வை வைத்துச் சுடுகிற பிள்ளைகளுக்கு, இருபுறமும் கிடைக்கோடு உள்ள முன்வளையம் இதே வேலையைச் செய்யும்.

காற்றையும் நான் லேசாகச் சொல்லவில்லை. ஊவாப் பக்கம் தென்மேல் பருவத்தில் அப்புத்தளைக் கணவாய் வழியாக வருவது தனி ரகம். குறிமேடையில் ஒரு திசை, நடுவில் பள்ளம் இருந்தால் அங்கே வேறு திசை. கையில் பிடிக்கும் காற்றுமானி நீங்கள் நிற்கும் இடத்தின் வேகத்தை மட்டுமே சொல்லும். தூர வாரியாக நட்ட நாலைந்து துணிக்கொடிகள் முழு வழியையும் காட்டும். மணிக்கு 10 கிலோமீற்றர் குறுக்குக் காற்று 50 மீற்றரில் .22 ரவையை ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுக்குத் தள்ளிவிடும். அங்கே பத்தாம் வட்டத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீற்றர். உயரமும் கணக்கில் வரும்: 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. கீழே சீர்செய்த றைபிள் மேலே 300 மீற்றரில் ஓரிரு சென்ரிமீற்றர் உயர்த்திச் சுடும். தூரம் கூடக் கூட அதுவும் கூடும். 10 மீற்றரில் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

இங்கே றைபிள்களைக் கெடுப்பது சுடுவதை விட ஈரம். குளிரில் கிடந்த றைபிளைச் சூடான அறைக்குள்ளோ, கீழ்நாட்டுக்கோ கொண்டுபோய் உடனே பெட்டியைத் திறந்தால் குழலிலும் வில்லையிலும் பனித்துளி கோக்கும். பெட்டியை மூடியபடியே ஒன்றிரண்டு மணிநேரம் வைத்துவிட்டுத் திறங்கள். பிறகு துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பஞ்சுமெத்தை வைத்த பெட்டி கொண்டுபோகத்தான். அதிலேயே மாதக்கணக்கில் வைத்தால் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஸ்கோப்பின் வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் அது மேற்பூச்சையே அரித்துவிடும், துடைத்தால் போகாது. ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து, அவை நிறம் மாறினால் காயவைத்து மறுபடி வையுங்கள். மரக்கட்டை றைபிளானால் மழைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் கட்டை ஆணிகளின் இறுக்கத்தைப் பாருங்கள். மரம் ஊறிக் குழலைத் தொட்டால் ரவை விழும் இடம் மாறும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் நான் பெற்றோரிடம் குரலை உயர்த்துவேன். ஒன்று, விரலால் இழுத்துச் சுடும் விசை. போட்டி றைபிளின் விசையை மென்மையாக்க அதற்கென்றே திருகாணிகள் இருக்கின்றன. மற்ற றைபிள்களில் ஸ்பிரிங்கை வெட்டியும், கொக்கியை அரத்தால் தேய்த்தும் மென்மையாக்குவதைச் செய்யவே கூடாது. அப்படிச் செய்த றைபிள் மேசையில் தட்டினாலே வெடிக்கலாம். இரண்டாவது, எயார் றைபிளின் காற்றுக்குழாய். போட்டி றைபிள்களில் அது 200 பார் அழுத்தத்தில் நிரப்பப்படும். முன்னணித் தயாரிப்பாளர்கள் அதற்கு 10 ஆண்டு ஆயுள் கொடுக்கிறார்கள், திகதி குழாயிலேயே பொறித்திருக்கும். பழைய றைபிள் மலிவாகக் கிடைத்தால் முதலில் அந்தத் திகதியைப் படியுங்கள். காலம் கடந்த குழாயைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். வீட்டில் நிரப்பி வைப்பதும் ஆபத்து. புதுக்குழாயின் விலையையும் சேர்த்துத்தான் அந்த றைபிள் மலிவா என்று பார்க்க வேண்டும்.

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. றைபிளோ பாகமோ வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால், பணம் அனுப்பும் முன் உங்கள் கழகத்தின் மூலம் அனுமதி நடைமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயணத்தில் அனுமதிப்பத்திரமும் கழகக் கடிதமும் பெட்டியோடு இருக்கட்டும். ரவை வேறு பெட்டியில், வேறு பூட்டில் போகட்டும்.