அகதீசியா: இருப்புக்கொள்ளாமை

மனநல வார்டில் ஒருவர் நடந்துகொண்டே இருக்கிறார். உட்கார வைத்தால் காலை மாற்றி மாற்றிப் போடுகிறார்; அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். நின்றாலும் இந்தக் கால், அந்தக் கால் என்று மாறி மாறி ஊன்றுகிறார். செவிலியர் இதற்கு எழுதும் சொல் அகதீசியா.

சொல் கிரேக்கம். 'அ' என்றால் இல்லை, 'கதிசிஸ்' என்றால் உட்கார்தல். (அநீதி, அநியாயம் என்பவற்றில் வரும் வடமொழி எதிர்மறையும் இந்த 'அ'வும் ஒரே மூலத்தவை.) ஆயரின் இருக்கை உள்ள கோயிலைக் கதீட்ரல் என்கிறோமே, அதிலும் இதே உட்காரும் வேர்தான். செக் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் 1901இல் இந்தப் பெயரை வைத்தார். மனச்சிதைவுக்கான மருந்துகள் 1950களில்தான் வந்தன. அப்புறம் அவற்றின் பக்கவிளைவாகவே இந்தச் சொல் பரவியது. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளில் இது அடிக்கடி வரும்.

பெயர் தெரியாவிட்டால் ஆபத்து. நோய் முற்றி ஆள் கொந்தளிக்கிறார் என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும். தாங்க முடியாமல் மருந்தையே விட்டவர்கள் உண்டு, உயிரை விடத் துணிந்தவர்களும் உண்டு. இந்தத் தவிப்பை அளக்க 1989இல் வந்த பார்ன்ஸ் அளவுகோல் அதனால்தான் உட்கார்ந்த நிலையில் இரண்டு நிமிடம், நின்ற நிலையில் இரண்டு நிமிடமாவது கவனிக்கச் சொல்கிறது. கால் அசைவை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே எப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். "உட்கார முடியலையாம்மா? உள்ளுக்குள்ள பரபரன்னு இருக்கா?" என்று கேட்கிற செவிலியர்தான் இதை முதலில் கண்டுபிடிப்பார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அமைதியின்மை' போதாது, பயத்துக்கும் கவலைக்கும் கலவரத்துக்கும்கூட அதைச் சொல்கிறோம். 'நிலைகொள்ளாமை' நெருங்கி வருகிறது, ஆனால் நிலை என்பது நிற்பதிலிருந்து வந்த சொல். இங்கே முதலில் பறிபோவது உட்காருவது. என் தேர்வு இருப்புக்கொள்ளாமை. பிள்ளை வீடு திரும்ப நேரமானால் "எனக்கு இருப்புக்கொள்ளலை" என்று அம்மாக்கள் சொல்வார்களே, அதே சொல். 'இரு' என்றால் உட்கார் என்றும் பொருள். இருக்கை அதிலிருந்து வந்ததுதான். கிரேக்கச் சொல் உடல் உட்காராததை மட்டும் சொல்கிறது. நம்முடையதில் உள்ளே தவிப்பதும் சேர்ந்தே வருகிறது. நோயாளியிடம் அகதீசியா என்றால் மிரண்டு பார்ப்பார். "இருப்புக்கொள்ளலையா?" என்று கேட்டால், "ஆமா சிஸ்டர், அதேதான்" என்பார். மருத்துவரும் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், தவிப்பைத் தணிக்கிற ப்ரோப்ரனலால் மருந்தைச் சேர்க்கலாம்.