காலியாக விட்ட கட்டம் யார் பக்கம்?

சட்டப் பிரிவுகளை மென்பொருளுக்கான விதிகளாக எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு பக்கம் வழக்கறிஞர், மறு பக்கம் நிரலாளர், நடுவில் நான். இருவரும் "இல்லை" என்பார்கள். அந்த இரண்டு "இல்லை"யும் வேறு வேறு என்று புரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

உதவித்தொகைக்கான மென்பொருள் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மாதிரி விண்ணப்பத்தில் 'சார்ந்திருப்போர்' கட்டம் காலி. யாருமே இல்லை என்று எடுத்துக்கொண்டு தொகையைக் குறைத்தது மென்பொருள். 'பிற வருமானம்' கட்டமும் காலி. அதையும் இல்லை என்றே எடுத்துக்கொண்டு தகுதி வழங்கிவிட்டது! ஒரு வெற்றிடம் ஆளைக் கவிழ்த்தது, இன்னொன்று தூக்கிவிட்டது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

விதிகளையே நிரலாக எழுதும் புரோலாக் போன்ற தர்க்க நிரல் மொழிகளின் சுபாவம் இது. ஒன்றை நிறுவ முடியாவிட்டால் அது பொய் என்று அவை எடுத்துக்கொள்ளும். இதற்கு முறையான விளக்கத்தை 1978இல் கணினி அறிவியலாளர் கீத் கிளார்க் கொடுத்தார். சாட்சி வரவே இல்லை என்பதும், வந்து எதிராகச் சொன்னார் என்பதும் அங்கே ஒரே கணக்கு.

இதற்காக அந்த முறையை ஒதுக்கிவிடவும் முடியாது. பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை, மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் தர்க்க நிரலாக எழுதி 1986இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான். அச்சட்டத்தில் ஓர் அழகான பிரிவு உண்டு: அந்நாட்டில் கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் பச்சிளம் குழந்தை, மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, அங்கேயே தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும். "மெய்ப்பிக்கப்படாத வரை" என்று சட்டமே சொல்வதால் கணினியின் "இல்லை" அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. நாளை பெற்றோர் யாரென்று தெரியவந்தால் முடிவு மாறலாம். பள்ளிக் கணிதத்தில் நிறுவியது நிறுவியதுதான். சட்டத்தில் புதிய தகவல் ஒன்று பழைய முடிவைக் கவிழ்த்துவிடும்.

பொருந்தாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' விவகாரமே போதும். நலத்தொகையை அதிகமாகப் பெற்றுவிட்டதாகக் கணினியே கணக்கிட்டு, அதைக் கடனாகத் திருப்பிக் கேட்ட அரசுத் திட்டம் அது. நலத்தொகை இரு வாரத்துக்கு ஒருமுறை வரும் வருமானத்தைப் பொறுத்தது. ஆண்டு வருமானத்தைச் சமமாகப் பிரித்துப் போட்டது அந்தத் திட்டம். சில மாதம் மட்டுமே வேலை பார்த்தவர்கூட ஆண்டு முழுக்கச் சம்பாதித்தவராகத் தெரிந்தார். "இல்லை என்று நீங்கள் காட்டுங்கள்" என்று கடிதம் போனது. காட்டாதவர் தலையில் கடன். கடன் உண்டு என்று அரசு மெய்ப்பிக்க வேண்டியது, சத்தமில்லாமல் தலைகீழானது. 2019இல் நீதிமன்றத்தில் அது சட்டப்படி செல்லாது என்றானது. 2023இல் விசாரணை ஆணையம் கடுமையான அறிக்கை தந்தது. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கணினி தனக்குச் சொன்னதைத்தான் செய்தது.

வாதங்கள் ஒன்றையொன்று தாக்குவதையும், எது எஞ்சி நிற்கிறது என்பதையும் கணக்கிட 1995இல் ஃபான் மின் டுங் என்ற கணினி அறிவியலாளர் ஒரு வழி வகுத்தார். அது தனிக் கதை. அங்கும் எந்த வாதத்தை யார் முன்வைக்க வேண்டும் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் என் விதிப் பட்டியலில் "ஆம்", "இல்லை" தவிர "தெரியவில்லை" என்றும் ஒரு விடை உண்டு. பக்கத்திலேயே ஒரு கட்டம்: மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? அது நிரம்பாத விதியை நான் நிரலாளரிடம் கொடுப்பதில்லை. கணினி தந்த நிராகரிப்பு உங்கள் கைக்கு வந்தால், காரணம் கேட்பதோடு நிற்காதீர்கள். எந்தத் தகவல் இல்லாததால் எனக்கு எதிராக எடுத்துக்கொண்டீர்கள், எந்தப் பிரிவு அப்படிச் சொல்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.