ஐபெக்ஸ்: வரையாடா, வருடையா?

சாக்கடலின் மேற்குக் கரையிலுள்ள ஏன் கெதி (Ein Gedi) என்ற இடத்தில் படம்பிடித்த ஐபெக்ஸ் என்னும் காட்டாட்டிற்குத் தமிழில் பெயர் எழுத முனைவோருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'வரையாடு' என்ற சொல்லே ஆகும். 'வரை' என்பது மலையைக் குறிப்பதால் பொருள் பொருந்துகிறது. ஆனால் அப்பெயர் நீலகிரி, ஆனைமலை முதலிய மழைமலைகளில் வாழும் வேறொரு விலங்கிற்கு உரியது.

ஐபெக்ஸ் என்பது ஆல்ப்ஸ் மலைக் காட்டாட்டைக் குறித்த இலத்தீன் சொல். 1758இல் உயிரினங்களுக்கு அறிவியற்பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் அதை அறிவியற்பெயரில் சேர்த்தார். பின்னர் அது ஏன் கெதியில் காணும் நூபிய ஐபெக்ஸ் போன்ற உறவினங்களுக்கும் பரவியது. இந்தப் பாலைநில ஆட்டை அரபியர் 'பதன்' என்றும், எபிரேயர் 'யாஏல்' என்றும் அழைக்கின்றனர். ஏன் கெதி என்ற ஊர்ப்பெயருக்கே 'ஆட்டுக்குட்டியின் ஊற்று' என்பது பொருள். வறண்ட பாறைநிலத்தில் நீருக்காக இவை ஊற்றை நாடி வந்தே ஆகவேண்டும் என்பதால், மலைமேல் துரத்திச் செல்லாமல் ஊற்றருகே காத்திருப்பதே படம்பிடிப்போர்க்கு ஏற்ற முறை. ஆபத்து என்றால் இவை செங்குத்துப் பாறையில்தான் தஞ்சம் புகும். ஆகவே ஆட்டிற்கும் பாறைக்கும் இடையே நிற்கலாகாது. உடல் பாறையின் நிறத்தோடு கலந்துவிடினும், காலைச் சாய்வெயிலில் கிடாயின் கொம்பிலுள்ள முண்டுகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும்.

கிடாய்க்குத் தாடியும், பின்னோக்கி வில்லாக வளைந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை நீளும் கொம்பும் உண்டு. நம் வரையாட்டிற்குத் தாடி இல்லை, கொம்பும் குட்டை. 2005இல் அதைத் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டனர். ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் அதை 'நீலகிரி ஐபெக்ஸ்' என்று அழைத்ததையும் சேர்த்துப் பார்த்தால், இக்குழப்பம் இருபுறமும் நிகழ்ந்தது புலனாகும்.

பட்டினப்பாலையில் 'வரையாடு வருடைத் தோற்றம் போல' என்றோர் அடி வருகிறது. அங்கே 'ஆடு' என்பது விலங்கின் பெயரன்று, வினை. மலையில் உலவும் வருடை என்பதே பொருள். விலங்கின் பெயர் வருடை. புலவர் கண்டதும் நம் மலையின் வரையாடாகவே இருந்திருக்கக்கூடும். எனினும் இன்றைய பேச்சில் எந்த ஒரு விலங்கோடும் ஒட்டிக்கொள்ளாத அச்சொல்லை மலைக்காட்டாடுகளுக்குப் பொதுப்பெயராக்கி, ஏன் கெதி ஆட்டை 'நூபிய வருடை' என்று எழுதலாம் என்பது என் கருத்து; முதல்முறை எழுதும்போது மட்டும் ஐபெக்ஸ் என்பதையும் உடன் குறித்தால் போதும்.