ஷாக் அடிக்கவில்லையே, அப்புறம் எப்படிச் செத்தது?

இந்த மாதத்தில் செத்ததில் இது மூன்றாவது சிலிக்கான் மாட்யூல், அதாவது துகள்களைப் பிடிக்கும் டிடெக்டருக்குள் போகும், சென்சாரும் சிப்பும் சேர்ந்த போர்டு. நேற்று மாலை வரை எல்லாச் சேனலும் (சிக்னலைப் படிக்கும் தனித்தனி வழிகள்) ஒழுங்காக இருந்தன. இன்று காலை ஒரு ஓரத்தில் பதினொரு சேனல் அவுட். பெருவிரலை வைத்துப் போர்டைப் பிடிப்போமே, அதே ஓரம். சென்சாரையும் சிப்பையும் இணைக்கும் மெல்லிய கம்பி, அதாவது வயர் பாண்ட், அறுந்திருக்குமோ என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். 25 மைக்ரான் அலுமினியக் கம்பிகள் அத்தனையும் அப்படியே நிற்கின்றன. இது அந்தக் கதை இல்லை.

ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடம்பில் ஏறும் நிலைமின்சாரத்தை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டை) போட்டிருந்தீர்களா என்று கேட்டேன். மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: "ஒரு நிமிஷ வேலைதானே சார். ஷாக் எதுவும் அடிக்கலையே."

ஷாக் அடித்தால்தான் நிலைமின்சாரம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? நிலைமின்சாரம் பாய்ந்ததை நம் விரல் உணர வேண்டுமானால் ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே எது பாய்ந்தாலும் நமக்குத் தெரியாது, சிப்புக்குத் தெரியும். 65 நானோமீட்டர் சிப்பில் டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடு என்ற மின்காப்புப் படலம் இரண்டு, மூன்று நானோமீட்டர் கனம்தான். சில வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது.

கணக்குப் போட்டே பாருங்கள். சோதனைகளில் மனித உடம்பை 100 பிகோஃபாரட் மின்தேக்கி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நாற்காலியிலிருந்து எழுந்ததில் 500 வோல்ட் ஏறியிருந்தால் உங்கள் விரலில் 50 நானோகூலும் காத்திருக்கிறது. 300 மைக்ரான் சிலிக்கானை ஒரு துகள் கடந்துபோனால் கிடைப்பது சுமார் 22,000 எலெக்ட்ரான், அதாவது மூன்றரை ஃபெம்டோகூலும். அதைக் கேட்பதற்காகச் செய்த காதில், அதைப் போல ஒரு கோடி மடங்குக்கும் மேல் கத்துகிறீர்கள். உங்களுக்கு எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

'உள்ளேயே பாதுகாப்பு டயோடு இருக்குமே' என்று ஒருவர் வாதாடினார். கடையில் வாங்கும் சிப்பில் தாராளமாக இருக்கும். நம்முடைய ஃப்ரண்ட் எண்ட் (சென்சார் சிக்னலை முதலில் வாங்கும் சிப்) உள்ளீட்டில் டயோடு பெரிதானால் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) கூடும், அது கூடினால் நாய்ஸ் (வேண்டாத இரைச்சல்) கூடும், அதனால் வடிவமைப்பாளர்கள் அந்த டயோடை முடிந்தவரை சின்னதாகத்தான் வைப்பார்கள்.

செத்த சேனலைவிட எனக்குப் பயம் பாதி செத்த சேனல்தான். டெஸ்டில் பாஸ் ஆகும். லீக்கேஜ் (கசியும் மின்னோட்டம்) மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மைனஸ் 20 டிகிரிக்கும் அறை வெப்பத்துக்குமாக நாலு தடவை போய்வந்த பிறகு விழும். அதற்குள் மாட்யூல் டிடெக்டருக்குள் போயிருக்கும். செர்ன் ஆய்வகத்தின் சிஎம்எஸ் டிடெக்டரில் துகள்களின் தடம் பிடிக்கும் டிராக்கரை நினைத்துப் பாருங்கள்: சுமார் 200 சதுர மீட்டர் சிலிக்கான், 3.8 டெஸ்லா காந்தத்தின் வயிற்றுக்குள். ஒரு சிப்புக்காக அதைத் திறக்க மாட்டார்கள்.

ஆகவே, தயவுசெய்து. ஸ்ட்ராப்பைத் தோலில் படும்படி கட்டுங்கள், சட்டைக் கைமேல் அல்ல. கட்டினால் போதாது, தினமும் டெஸ்டரில் வைத்துப் பாருங்கள். ஹை வோல்டேஜ் ஆன் ஆகியிருக்கும் இடத்தில் மட்டும் அதைக் கழற்றிவிடுங்கள், அங்கே செத்துப்போகக்கூடியது சிப் அல்ல, நீங்கள். போர்டைப் போட்டு வைக்கும் ஷீல்டு பை (நிலைமின்சாரத்தைத் தடுக்கும் உறை) மூடியிருக்கும்போதுதான் காக்கும். அதை விரித்து அதன்மேல் போர்டை வைப்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. சென்சாருக்கு அருகில் டேப்பைச் 'சர்ர்' என்று உரிக்காதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் அதிலேயே கிளம்பும். பிளாஸ்டிக்கை எர்த் செய்ய முடியாது, அதற்குத்தான் அயனைசர் (காற்றில் அயனிகளை ஊதி மின்னேற்றத்தை நீக்கும் கருவி) வைத்திருக்கிறோம், ஆன் செய்யுங்கள். சென்சாருக்காகக் காற்றை உலர்வாக வைக்கிறோம், அந்த உலர்வே மின்னேற்றத்தை வளர்க்கிறது. கிளீன் ரூமில் இருக்கிறோம் என்று தைரியப்படாதீர்கள்.

ஒருவேளை ஸ்ட்ராப் இல்லாமல் தொட்டுவிட்டீர்களா? மாட்யூல் எண்ணோடு லாக்கில் எழுதிவிடுங்கள். அதை மட்டும் தனியே எடுத்து லீக்கேஜை மறுபடி அளந்துவிடலாம். திட்ட மாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.