ஐந்து முறையும் வெள்ளை விழுந்தால்

குடியாத்தம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரபியல் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். மெண்டல், பட்டாணி, நெட்டை, குட்டை எல்லாம் முடிந்து, மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை என்று கரும்பலகையில் 3:1 எழுதியபோது ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க அக்காவை மாமாவுக்கே கட்டிக் கொடுத்துட்டாங்க. சொந்தத்துல கட்டினா குழந்தை குறையோட பிறக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?"

எங்கள் வட ஆற்காட்டில் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக்கொடுப்பது சாதாரணம். அதனால் வகுப்பே அமைதியாகிவிட்டது. கட்டம் போட்டு விளக்கினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது என்று தோன்றியது. பள்ளி வாசலில் புளியமரம் இருந்தது. கொட்டை பொறுக்கிவரச் சொன்னேன்.

தாயம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தரையில் உரசினால் அந்தப் பக்கம் வெள்ளையாகிவிடும், மறுபக்கம் கறுப்பாகவே இருக்கும். சரி, ஒரு கொட்டையை ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரபணுவிலும் நமக்கு இரண்டு பிரதிகள், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அவைதான் கொட்டையின் இரண்டு பக்கங்கள். கறுப்பு நல்ல பிரதி, வெள்ளை பழுதானது. தேய்க்காத கொட்டைக்கு இரண்டும் நல்லவை. ஒரு பக்கம் தேய்த்த கொட்டைதான் 'கடத்தி'. இந்த வகை நோய்களில் ஒரு நல்ல பிரதியே போதும் என்பதால் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. தான் கடத்தி என்றே தெரியாது. இரண்டு பக்கமும் தேய்ந்த கொட்டைதான் நோயாளி.

விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது இரண்டில் ஒரு பிரதிதான் அதற்குள் போகும். எது போகும் என்பது, கொட்டையை உருட்டினால் எந்தப் பக்கம் மேலே விழும் என்பதைப் போலத்தான். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராத இடம் இது. மெண்டல் 1866இல் வெளியிட்ட கணக்கில் நெட்டைச் செடிகள் 787, குட்டைச் செடிகள் 277. கச்சிதமான 3:1 வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பட்டாணிக்குள்ளும் யாரோ கொட்டை உருட்டியிருக்கிறார்கள்.

கொட்டைக்கு ஞாபகமும் கிடையாது. பெற்றோர் இருவரும் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. "முதல் குழந்தைக்கு வந்தாச்சு, இனி மூணு குழந்தைக்குப் பயமில்லை" என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த பிரசவத்தில் மறுபடியும் முதலிலிருந்துதான் உருட்ட வேண்டும்.

அப்புறம் மாணவியின் கேள்விக்கு வந்தோம். தாத்தா மட்டும் ஒரு பக்கம் தேய்த்த கொட்டை என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவிடமிருந்து மாமாவுக்கு வெள்ளை விழ வேண்டும். மாமாவின் அக்காவுக்கும் விழ வேண்டும். அவளிடமிருந்து அவள் மகளுக்கு, அப்புறம் மாமாவிடமிருந்தும் மகளிடமிருந்தும் பிறக்கும் குழந்தைக்கு. மொத்தம் ஐந்து முறை, ஐந்திலும் வெள்ளை. 32இல் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் ஒரு தலைமுறை கூடி ஆறு முறை, 64இல் ஒன்று.

மாமா அந்நியத்தில் கட்டியிருந்தால்? மூன்று முறை உருட்டினால் போதும், ஆனால் வந்த பெண்ணும் அதே மரபணுவில் கடத்தியாக இருக்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோயை எடுத்துக்கொண்டால், நம் நாட்டில் 100க்கு 3, 4 பேர் கடத்திகள். 4 பேர் என்றே கணக்கிட்டாலும் 200இல் ஒரு வாய்ப்புதான். சொந்தத்தில் கட்டும்போது ஒரே தாத்தாவின் வெள்ளை இரண்டு வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது, அதுதான் வித்தியாசம்.

தாத்தா கடத்தி இல்லையென்றால் இந்த 32க்கு அர்த்தமே இல்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். பொதுவாகவே 100 குழந்தைகளில் சுமார் 3 பேருக்குப் பிறவிக்குறை இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும், தாய்மாமன் உறவில் இன்னும் கொஞ்சம் கூடும். அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு குழந்தை பிறந்தால் மருமகள் வந்த ராசி, தோஷம் என்று அவள் தலையில் கட்டுகிறார்கள். இரண்டு வெள்ளை விழாமல் தலசீமியா போன்ற நோய் வராது. ஒன்று கட்டாயம் அப்பாவுடையது. பரிகாரத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு போதும், ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986லேயே தலசீமியா குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். அந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவை நினைத்தால், கடத்தியைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகவே செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

மாணவியின் அக்காவுக்கு இது மூன்றாம் மாதமாம். தலசீமியா கடத்தியா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையைச் சொன்னேன். "முதல்ல அக்காவுக்கு மட்டும் ஹீமோகுளோபின் ஏ2 பார்க்கச் சொல்லும்மா. 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா உடனே மாமாவுக்கும் பார்க்கணும்" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். எண்ணை மட்டும் ஒரு முறை திருப்பிக் கேட்டாள்.