ஹரணம் என்றால் வகுத்தல்தான்

"கணக்குப் பரீட்சை அன்னிக்கு மட்டும் வயித்த வலிக்குதுங்குறான் டீச்சர்." நான் டீச்சர் இல்லை, பள்ளி ஆலோசகர். ஆனால் குமுளிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணும் டீச்சர்தான். அந்த அம்மா ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கிறவர். பையன் ஆறாவது, நாலாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் மலையாள மீடியம்.

நோட்டைத் தொடாமல் சும்மா பேச்சுக் கொடுத்தேன். முப்பத்தஞ்சு கிலோ பச்சைக் காய் ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்ந்தால் எவ்வளவு தேறும்? "ஏழு" என்றான், யோசிக்கவே இல்லை. அஞ்சுக்கு ஒன்று என்ற தோராயக் கணக்கு இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் அத்துப்படி. அதையே தாளில் 35 ÷ 5 என்று எழுதி நீட்டினேன், பென்சிலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் சேர்ந்த குழு 2025-ல் நேச்சர் இதழில் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்: மனக்கணக்கில் சில்லறை தவறாமல் கொடுக்கிற பிள்ளை, அதே மாதிரிக் கணக்கைப் பள்ளிக்கூடப் பாணியில் எழுதிக் கேட்டால் தடுமாறுகிறது.

இவனுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கே உரியது. மலையாளத்தில் வகுத்தல் ஹரணம் ஆகிவிட்டது, பெருக்கல் குணனம் ஆகிவிட்டது. சொல் புரியாமல் விழித்த ரெண்டு வாரத்தில் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து வாய்ப்பாடு கேட்டிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், தனக்குக் கணக்கே வராது என்று அவனாகவே முடிவுகட்டிவிட்டான்.

பயம் வந்தால் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோருக்கு நான் இப்படித்தான் சொல்வேன். கழித்தலில் கடன் வாங்கியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மனதில் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருந்தால்தான் கணக்கு நகரும்; அந்தக் குறுகிய இடத்தைக் கவலை வந்து அடைத்துக்கொள்கிறது. பிள்ளை திணறுவதைப் பார்த்து நாம் "சீக்கிரம், சீக்கிரம்" என்போம், இருக்கிற இடமும் போச்சு. எண்களில் எது பெரிது என்பதே பிடிபடாத டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடு வேறு விஷயம், அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும்.

பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தன் பயத்தை எழுதிவைக்கச் சொன்னால் பதற்றக்கார மாணவர்களின் மதிப்பெண் கூடுகிறது என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011-ல் சயன்ஸ் இதழில் வந்தது. இவனையும் எழுதச் சொன்னேன். "சார் கடிகாரத்தைப் பார்ப்பார்" என்று ஒரே வரி. அது போதும் எனக்கு.

அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன், "எனக்கும் கணக்கு வராதுப்பா" என்று அவன் காதுபட ஆறுதல் சொல்லாதீர்கள். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால் பிள்ளைகள் கற்பது குறைகிறது என்று 2015-ல் ஓர் ஆய்வும் சொன்னது. அதற்குப் பதிலாக, தோட்டத்து எடைக் கணக்கை அவனையே போட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருமொழிச் சொற்களை அவனே ரெண்டு வரிசையாக எழுதிவைத்திருக்கிறான். வகுப்பாசிரியரிடம் பேசி, கடிகாரம் இல்லாமல் வாரம் ஒரு பரீட்சைக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். பின்னம் இன்னும் தகராறுதான், ஆனால் போன வாரம் பரீட்சை அன்று வயிறு வலிக்கவில்லையாம்.