கங்கையில் விழும் நாலாக்களும் நமாமி கங்கே திட்டமும்

காசியின் தென்கோடியில் அஸி என்ற சிற்றாறு கங்கையில் கலக்கிறது. வடக்கே வருணை, தெற்கே அஸி, அதனால்தான் வாராணசி என்று பெயர் வந்தது என்பார்கள். இன்று உள்ளூர்க்காரர்கள் அதை அஸி நாலா என்கிறார்கள். நாலா என்றால் நம்மூர் சாக்கடைக் கால்வாய்தான். பூஜை அறையில் காசிச் செம்பு வைத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி. ஆனால் கங்கையைச் சுத்தப்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த நமாமி கங்கே திட்டத்தின் பணம் பெரும்பாலும் இந்த மாதிரி நாலாக்களை ஆற்றில் விழாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிடத்தான் போகிறது.

கங்கையின் நீளம் சுமார் 2,525 கி.மீ. நாட்டின் நிலப்பரப்பில் கால்வாசி அதன் வடிநிலம். மக்கள்தொகையில் பத்தில் நான்கு பேர் அங்கேதான் வாழ்கிறார்கள். 2008-ல் தேசிய நதியாக அறிவித்தார்கள். பூமாலையும் பாதி எரிந்த உடலும் கண்ணில் படுவதால் அவைதான் அழுக்குக்குக் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பங்கு, கரையோர ஊர்களின் வீட்டுக் கழிவுநீர். அப்புறம் கான்பூர் ஜாஜ்மாவ் தோல் தொழிற்சாலைகளின் குரோமியம் போன்ற ஆலைக் கழிவுகள்.

1986-லேயே கங்கைச் செயல்திட்டம் வந்தது. சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டினார்கள். ஓட்டுவதற்கு மின்சாரம் இல்லை, பராமரிக்கக் காசு இல்லை. பல நிலையங்கள் முடங்கின.

2015 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நமாமி கங்கே, இந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. ஐந்தாண்டுக்கு ரூ.20,000 கோடி, முழுக்க மத்திய அரசின் செலவு. இரண்டாம் கட்டத்துக்கு 2026 வரை ரூ.22,500 கோடி. புதிதாக வந்தது பணம் தரும் முறை. நிலையம் கட்டும் நிறுவனத்துக்குக் கட்டும்போது 40 சதவீதம்தான் கிடைக்கும். மீதி 60 சதவீதம், நிலையத்தை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் 15 ஆண்டுகளில் தவணையாக வரும். 2017-ல் ஹரித்வாரிலும் வாராணசியிலும் இப்படி முதல் ஒப்பந்தங்கள் போட்டார்கள். இத்திட்டத்தின் உருப்படியான யோசனை இதுதான் என்பேன். கான்பூரில் தினமும் 14 கோடி லிட்டர் கழிவைக் கொட்டிய சீசாமாவ் நாலாவையும் திருப்பிவிட்டார்கள்.

சட்டப் பக்கம் பார்த்தால், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016 அக்டோபரில் ஓர் ஆணை வந்தது. அதன்படி சுத்திகரிக்காத கழிவுநீரை நேராகவோ சுற்றுவழியாகவோ கங்கையில் விடக் கூடாது. உச்சியில் பிரதமர் தலைமையில் தேசிய கங்கை கவுன்சில். அடிமட்டத்தில் ஆட்சியர் தலைமையில் மாவட்ட கங்கைக் குழு. கரையோரவாசிக்குப் புகார் இருந்தால் முதலில் தட்ட வேண்டிய கதவு இந்தக் குழுதான். பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.

சரி, குளிக்கலாமா? 100 மில்லி நீரில் மலக் கிருமிகளின் எண்ணிக்கை 2,500-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆக்சிஜன் அளவில் பல இடங்களில் தேறிவிடும் கங்கை, இந்தப் பரிசோதனையில்தான் பீகாரிலும் வங்காளத்திலும் அடிக்கடி தோற்கிறது.

இன்னொன்று, ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டுமே! ஹரித்வார் வரையிலான மேல் கங்கையில், அணைகள் சராசரி மாத நீர்வரத்தில் குறைந்தது 20 சதவீதம் விட வேண்டும், மழைக்காலத்தில் 30 சதவீதம் என்று 2018 அக்டோபர் 9-ல் அறிவிக்கை வெளியானது. கங்கை தடையின்றி ஓட வேண்டும் என்று ஜூன் முதல் உண்ணாவிரதம் இருந்த பேராசிரியர் ஜி.டி. அகர்வால் இரண்டே நாளில், அக்டோபர் 11 அன்று, ரிஷிகேஷில் இறந்துபோனார்.